மவுண்டன் பைக், கைக்கடிகாரம், ஷிஃப்ட் வேலை: புக்கிட் பாஞ்சாங் குடும்பம் ஒன்றின் ஓராண்டு

சிங்கப்பூரில் வாழும் இந்தக் குடும்பம் எனக்கு அங்குள்ள செஸ்நட் மவுண்டன் பைக் தடத்தில் பழக்கமானது. வார இறுதிகளில் அங்கே புதிதாக வருபவர்களுக்கு வழி காட்டுவேன், பிரேக்கும் கியரும் சரிசெய்து கொடுப்பேன். அப்படி அறிமுகமான ஒருவரும் அவர் மனைவியும், தங்கள் வீட்டில் நடந்ததை எழுதினால் மற்றவர்களுக்கு உதவும் என்று சம்மதித்தார்கள். பெயரும் வேலையிடமும் வேண்டாம் என்றார்கள். எழுதியதை இருவரும் படித்துப் பார்த்தார்கள். எண்கள் எல்லாம் அவர்கள் குறித்து வைத்தவை.

பின்னணி

கணவருக்கு 43 வயது. புக்கிட் பாஞ்சாங்கில் நாலறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடு, அலுவலகம் சாங்கி வர்த்தகப் பூங்காவில். டௌன்டவுன் ரயில் பாதையின் ஒரு முனையில் வீடு, எக்ஸ்போ பக்கம் வேலை. வாசலிலிருந்து மேசைக்குப் போய்ச் சேர ஒன்றரை மணி நேரம், திரும்பவும் அதே. மனைவி மருத்துவமனையில் தாதி. காலை, பிற்பகல், இரவு என மாறி மாறி ஷிஃப்ட் வரும். மகள் தொடக்கநிலை 6, அதாவது தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு ஆண்டு. மகன் தொடக்கநிலை 3. கணவரின் அம்மாவும் உடன் இருக்கிறார். முழங்கால் வலியோடு சமையலையும், பள்ளிவிட்டு வரும் பேரனையும் அவர்தான் பார்த்துக்கொள்கிறார்.

40 வயதோடு கணவருக்குப் போர்க்காலப் படைக் கடமை, அதாவது கட்டாய ராணுவச் சேவைக்குப் பின் தொடரும் கடமை, முடிந்துவிட்டது. உடலுறுதிச் சோதனைக்காக ஆண்டுதோறும் 2.4 கிலோமீட்டர் ஓடிக்கொண்டிருந்தவர், அதோடு ஓட்டத்தையும் விட்டுவிட்டார். நம் ஆட்கள் பலரிடம் இதைப் பார்க்கிறேன். கட்டாயம் போனதும் பழக்கமும் போய்விடுகிறது. ஜனவரியில் குடும்ப மருத்துவரிடம் பரிசோதனை செய்தபோது எடை 81 கிலோ, உயரம் 170 சென்டிமீட்டர். உடல் எடைக் குறியீடு 28. ஆசிய உடல்வாகுக்கு இங்கே 27.5ஐத் தொட்டாலே அதிக ஆபத்து என்று கணக்கு. வெறும் வயிற்றில் எடுத்த சர்க்கரை லிட்டருக்கு 6.3 மில்லிமோல். 6.1 முதல் 6.9 வரை எல்லைக்கோடு. அவர் அப்பாவுக்கு நீரிழிவு இருந்தது. எடையைக் குறையுங்கள், உடம்பை அசையுங்கள், சில மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம் என்று மருத்துவர் சொல்லி அனுப்பினார்.

அடுத்த ஒரு மாதத்துக்குள் வீட்டுக்கு வந்தவை: 29 அங்குலச் சக்கர மவுண்டன் பைக், கைக்கடிகாரம், ஹேண்டில்பாரில் மாட்டும் சைக்கிள் கணினி, ஹெல்மெட் கேமரா, செல்போனோடு பேசும் எடை இயந்திரம், வீட்டுக்குள்ளேயே மிதிப்பதற்கான ஸ்மார்ட் டிரெயினர். எல்லாம் சேர்த்து 6,000 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) மேல்.

மார்ச்சில் கண்டது

மார்ச் மாதத்தில் வீட்டில் பேச்சு குறைந்துபோயிருந்தது. இருவரையும் நான் தனித்தனியாகக் கேட்டேன். மனைவி சொன்னது இது: "அவர் சைக்கிள் ஓட்டுறதுல எனக்கு ஒண்ணும் இல்லண்ணே. எப்ப வருவார்னு தெரியாததுதான் கஷ்டம். பதினோரு மணின்னு சொல்வார், ஒரு மணி ஆகும். நான் பிற்பகல் ஷிஃப்டுக்குக் கிளம்பணும், பிள்ளைய டியூஷனுக்கு அனுப்பணும், அத்தையைத் தனியா விட்டுட்டு எப்படிப் போறது?"

இதைக் கேட்ட பிறகு, எவ்வளவு நேரம் ஓட்டுகிறார் என்பதை விட்டுவிட்டு, நேரம் எங்கே போகிறது என்று பார்க்கலாம் என்று முடிவு செய்தோம். குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒரு தாளை ஒட்டி, இரண்டு வாரம் எல்லாரும் தங்கள் நேரத்தை எழுதினார்கள். செயலி எதுவும் வேண்டாம் என்றேன். பாட்டியும் எழுத முடிய வேண்டும் அல்லவா?

ஒரு ஞாயிறு இப்படி இருந்தது. காலை 6.30க்கு முன்சக்கரத்தைக் கழற்றி, காரின் பின் இருக்கையை மடக்கி, சைக்கிளை ஏற்றுகிறார். புக்கிட் தீமா பக்கம் போய் வண்டி நிறுத்த இடம் தேடி, நண்பர்களுக்காகக் காத்திருக்கிறார். 7.40க்குத் தடத்தில் இறங்கி 9 மணிக்கு வெளியே வருகிறார். பிறகு காப்பிக்கடை. 10.15க்கு வீடு. அடுக்குமாடியில் சைக்கிள் கழுவத் தனி இடம் ஏது? குளியலறையில் வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவ, செம்மண் போய்த் தரைச் சல்லடையை அடைக்கிறது. அதைச் சுத்தம் செய்து, சங்கிலியைத் துடைத்து எண்ணெய் விட்டு, கடிகாரத்துக்கு வந்த மென்பொருள் புதுப்பிப்பைப் போட்டு, கேமராவில் எடுத்ததைக் கணினியில் ஏற்றி வெட்டி ஒட்டி முடிக்கும்போது ஒரு மணி. ஆக, ஆறரை மணி நேரத்தில் மிதித்தது 1 மணி 20 நிமிடம்.

இந்தத் தாளைப் பார்த்ததும் கணவர் வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. குடும்பத்தின் நேரத்தைச் சைக்கிள் எடுத்துக்கொண்டது என்றுதான் அதுவரை இருவரும் நினைத்திருந்தார்கள். எடுத்துக்கொண்டது சைக்கிளைச் சுற்றியிருந்த வேலைகள்.

சாதனங்களிலும் ஒரு சிக்கல் தெரிந்தது. மேட்டில் மூச்சு வாங்கி நின்றபோது அவர் கடிகாரத்தைப் பார்த்தேன். இதயத்துடிப்பு 97 என்றது. கழுத்தில் விரல் வைத்து எண்ணினால் 160ஐத் தாண்டியது. கடிகாரம் பழுதில்லை. மணிக்கட்டில் ஒளியைப் பாய்ச்சி ரத்த ஓட்டத்தைப் படிக்கும் சென்சாருக்கு, ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிப்பதும் வேர்கள் மேல் ஏறி இறங்கும் அதிர்வும் ஆகாது. தார்ச் சாலையில் சரியாகப் படிக்கும் அதே கடிகாரம் காட்டுத் தடத்தில் தடுமாறும். அந்தத் தப்பான எண்ணிலிருந்துதான் அது 'பயிற்சிச் சுமை போதாது' என்று கணக்குப் போட்டுக் காட்டியது. அதை நம்பி, புதன், வெள்ளி இரவுகளில் பிள்ளை படிக்கும் கூடத்திலேயே டிரெயினரில் ஏறி இவர் இன்னும் கடுமையாக மிதித்தார்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

ஏப்ரல் முதல் வாரம் நான்கு பேரும் உட்கார்ந்து பேசினோம், பாட்டியையும் சேர்த்து. முதல் முடிவு, திரும்பி வரும் நேரத்தை முதலில் எழுதுவது. 9.30க்கு வீட்டுக்குள் என்றால் 9.30. தடத்தில் பாதிச் சுற்றுதான் ஆகியிருந்தாலும் திரும்பிவிட வேண்டும். மனைவிக்கு அடுத்த மாதத்தின் ஷிஃப்ட் அட்டவணை வந்ததும் அதை இருவரின் செல்போனிலும் உள்ள பொது நாள்காட்டியில் போட்டுவிட்டு, மிச்சமுள்ள இடத்தில்தான் சைக்கிள் வரும்.

அப்போது மனைவி ஒரு விஷயம் சொன்னார். இரவு ஷிஃப்ட் முடித்து வரும் காலைகளில் அவருக்கு வேண்டியது அமைதியான வீடு. 9 வயதுப் பையன் வீட்டில் இருந்தால் அது நடக்காது. சரி, அந்தக் காலைகள் வார இறுதியில் வந்தால், அப்பாவும் மகனும் சேர்ந்து சைக்கிளோடு வெளியே போகட்டும் என்று முடிவானது. இந்தத் திட்டம் நிலைத்ததற்கு என் பார்வையில் இதுதான் முக்கியக் காரணம். அவர் வெளியே போவது மனைவிக்கும் தேவைப்பட்டதால், கிளம்பும்போது யாரிடமும் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை.

இரண்டாவது, இடம். புக்கிட் தீமாவுக்குப் பதில் செஸ்நட் இயற்கைப் பூங்கா. 2017இல் முழுமையாகத் திறக்கப்பட்ட 81 ஹெக்டேர் பூங்கா அது. மவுண்டன் பைக்குக்கு மட்டும் 8.2 கிலோமீட்டர் தடம் இருக்கிறது, நடப்பவர்களுக்குத் தனித் தடம். சிறுவர்கள் திருப்பங்களைப் பழக மேடுபள்ளமான பயிற்சி இடமும் உண்டு. அவர்கள் வீட்டிலிருந்து மிதித்தே போய்விடலாம். கார் இல்லை, சக்கரம் கழற்ற வேண்டாம், நிறுத்த இடம் தேட வேண்டாம். இந்த ஒரு மாற்றமே ஒரு மணி நேரத்துக்கு மேல் மிச்சப்படுத்தியது. இங்கே 7 மணி வாக்கில்தான் விடிகிறது. அதற்கு முன் தடத்தில் இறங்குவதில்லை என்பதையும் சேர்த்துக்கொண்டோம்.

மூன்றாவது, மழை. ஏப்ரல் முதல் நவம்பர் வரை சுமத்ரா பக்கமிருந்து விடியலில் பலத்த காற்றும் மழையும் வந்துபோகும். ஈரத்தில் ஓட்டினால் செம்மண் தடம் வாய்க்கால் போல் வெட்டுப்படும், வேர்கள் வழுக்கும், வீட்டில் குளியலறையும் அடைக்கும். இரவு மழை பெய்திருந்தால் தடம் கிடையாது, பூங்கா இணைப்புப் பாதைதான். அங்கே மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்பதால் பையனோடு போக அது தோதாகவும் இருந்தது.

அப்புறம் சைக்கிளை எங்கே வைப்பது என்ற கேள்வி. தாழ்வாரத்தில் 1.2 மீட்டர் வழி விட வேண்டும் என்பது தீயணைப்பு விதி, அங்கே அவ்வளவு இடம் இல்லை. கூடத்தில் நின்றால் பாட்டி தடுக்கி விழும் ஆபத்து. மிஞ்சியது குண்டுத் தாக்குதலின்போது ஒதுங்க வீட்டுக்குள்ளேயே கட்டியிருக்கும் பாதுகாப்பு அறை. அதன் இரும்புக் கதவு வழி 70 சென்டிமீட்டர், ஹேண்டில்பார் 76. பின்சக்கரத்தை முதலில் உள்ளே விட்டு, கைப்பிடியைத் திருப்பி, ஒரு பக்கத்தை முன்னே நுழைத்து அப்படியே வளைத்து இழுத்தால் போகிறது. ஹேண்டில்பாரைக் கொஞ்சம் அறுத்துவிடலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். இறக்கத்தில் அந்த அகலம்தான் பிடிமானம். உள்ளேயிருந்த அரிசி மூட்டையையும் தீபாவளி விளக்குப் பெட்டியையும் மேல் தட்டுக்கு ஏற்றினார்கள்.

சாதனங்களில் எது நின்றது, எது போனது

ஒவ்வொரு சாதனத்துக்கும் ஒரே கேள்வி கேட்டோம். இது காட்டும் எண்ணால் நீங்கள் செய்வது ஏதாவது மாறுமா?

மார்புப் பட்டை புதிதாக வந்தது, கடிகாரத்தின் மணிக்கட்டுத் துடிப்பு நின்றது. இதயத்தின் மின்துடிப்பையே படிப்பதால் அதிர்வு பட்டையை அவ்வளவாகப் பாதிப்பதில்லை. அதிகபட்ச இதயத்துடிப்புக்கு '220இலிருந்து வயதைக் கழி' என்ற கணக்கையும் விட்டோம், அது ஆளுக்கு ஆள் பத்துப் பன்னிரண்டு துடிப்பு எளிதாக மாறும். நம் ஊர்ப் புழுக்கத்தில் அதே வேகத்தில் போனாலும் நேரம் ஆக ஆகத் துடிப்பு ஏறும். அதனால் மேட்டில் ஒரு வாக்கியம் பேச முடிகிறதா என்பதையும் சேர்த்தே பார்க்கச் சொன்னேன்.

சைக்கிள் கணினி நின்றது, ஆனால் முன்சக்கரத்தில் ஒரு சென்சார் மாட்டினோம். அடர்ந்த மரங்களுக்கு அடியில் ஜிபிஎஸ் வளைவுகளை நேர்கோடாக வெட்டிவிடும், தூரம் குறைவாகக் காட்டும். எந்தச் சந்தியில் திரும்பினால் 9.30க்கு வீடு என்று கணக்கிட அவருக்குச் சரியான தூரம் வேண்டியிருந்தது.

கேமராவை விற்றார். எடை இயந்திரத்தில் வாரம் ஒருமுறை மட்டும் ஏறினார். தூக்க மதிப்பெண்ணை அணைத்தோம். மனைவி இரவு வேலைக்குப் போன நாளில் பையன் கனவு கண்டு எழுந்தால் இவர்தான் எழ வேண்டும். அந்தத் தூக்கம் மோசம் என்று காலையில் ஒரு கடிகாரம் சொல்லி என்ன ஆகப்போகிறது?

டிரெயினரைத்தான் கடைசிவரை விடத் தயங்கினார். கீழ்வீட்டு அம்மா ஒருநாள் மேலே வந்து, மெதுவாக, "இரவில் ஏதோ இரைகிறதே" என்று கேட்டுவிட்டுப் போனார். காதுக்குச் சத்தம் குறைவுதான், ஆனால் அதிர்வு கான்கிரீட் வழியாக இறங்கும். ரப்பர் விரிப்பு போட்டும் போகவில்லை. மகளுக்குத் தேர்வு ஆண்டு வேறு. மே மாதம் விற்றார். அதற்குப் பதில், வேலை முடிந்து வரும்போது புக்கிட் பாஞ்சாங் நிலையத்தில் எல்ஆர்டி (இலகு ரயில்) ஏறாமல் வேகமாக நடந்தே வீட்டுக்கு வந்தார், 25 நிமிடம். வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி என்பதுதான் இங்குள்ள பரிந்துரை. நடையும் வார இறுதி ஓட்டமும் சேர்ந்து பெரும்பாலும் அதைத் தொட்டன.

மகனின் சைக்கிளையும் இங்கே சொல்லியாக வேண்டும். முதல் நாள் இறக்கத்தில் பையன் பயந்து இறங்கி உருட்டிக்கொண்டு வந்தான். கையைப் பார்த்தேன். பிரேக் கைப்பிடி அவன் விரல்களுக்கு எட்டவில்லை, நான்கு விரலையும் நீட்டி நுனியால் இழுத்துக்கொண்டிருந்தான். கைப்பிடிக்கு உள்பக்கம் ஒரு சிறு திருகு இருக்கும். அதை ஆலன் சாவியால் சில சுற்றுத் திருகினால் கைப்பிடி உள்ளே வரும். இரண்டு விரலால் எட்டும்படி செய்தேன். அன்றே அதே இறக்கத்தில் இறங்கினான். ஆயிரக்கணக்கில் செலவான வீட்டில் செலவே இல்லாத அந்தத் திருகுதான் பையனைத் தடத்தில் நிறுத்தியது. பிள்ளைகளோடு வருகிற பெற்றோர் எல்லாரிடமும் இதை நான் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

ஜூலையில் வந்த பொய் எச்சரிக்கை

ஜூன் பள்ளி விடுமுறையில் எல்லாரும் புலாவ் உபின் தீவுக்குப் போய்வந்தார்கள். சாங்கியில் 12 பேர் சேரும்வரை காத்திருந்து, ஆளுக்கு 4 வெள்ளி, சைக்கிளுக்குக் கூடுதலாக 2 வெள்ளி கொடுத்துப் படகேறினார்கள். அது நன்றாகவே நடந்தது.

ஜூலையில் ஒரு ஞாயிறு, மனைவிக்குக் காலை ஷிஃப்ட். செங்குத்தான இறக்கத்தில் கணவர் பிரேக்கைச் சட்டென்று பிடித்ததை, சைக்கிள் கணினி விழுந்துவிட்டார் என்று எடுத்துக்கொண்டது. ரத்துசெய்யச் சில வினாடி ஒலித்திருக்கிறது, அவர் கவனிக்கவில்லை. அவர் விபத்தில் சிக்கியிருக்கலாம் என்ற குறுஞ்செய்தி, இடத்தோடு, மனைவிக்குப் போய்விட்டது. மனைவியின் செல்போன் லாக்கரில். 9.10க்கு வந்த செய்தியை இடைவேளையில் 11.40க்குத்தான் பார்த்தார். கணவரை அழைத்தால் எடுக்கவில்லை, குளித்துக்கொண்டிருந்தார். மாமியாரை அழைத்த பிறகுதான் அவர் வீட்டில் இருப்பது தெரிந்தது. அந்தச் சில நிமிடங்களை அவர் என்னிடம் சொன்னபோதும் குரல் தழுதழுத்தது.

தடத்தில் ஓட்டும்போது இப்படிப் பொய் எச்சரிக்கை வருவது புதிதல்ல. சாலையில் விபத்து என்றால் எப்படி இருக்குமோ, அதேபோல்தான் காட்டுத் தடத்தில் சாதாரணக் குலுக்கலும் சென்சாருக்குத் தெரிகிறது. முழுக்க அணைத்துவிடலாமா என்று பேசினோம். கூடவே சிறுபிள்ளை வருகிற நாள்களுக்காக அணைக்க வேண்டாம் என்றே முடிவு. ஆனால் எனக்குப் பெரிய குறையாகப் பட்டது வேறு. உண்மையிலேயே அவர் விழுந்திருந்தாலும் அந்தச் செய்தி இரண்டரை மணி நேரம் யார் கண்ணிலும் பட்டிருக்காது.

மாற்றியது இவ்வளவு. எச்சரிக்கை முதலில் மனைவியின் தம்பிக்குப் போகும். சுவா சூ காங்கில் இருக்கிறார், ஞாயிறு விடுமுறை, காரில் சீக்கிரம் வந்துவிடலாம். கடிகாரத்திலும் இருந்த அதே வசதியை அணைத்து, ஒரே சாதனத்தில் மட்டும் வைத்தோம். தடத்தைவிட்டு வெளியே வந்ததும் கணவர் மச்சானுக்கு ஒரு செய்தி அனுப்ப வேண்டும். சொன்ன நேரம் கடந்து 20 நிமிடம் ஆகியும் செய்தி இல்லையென்றால் மச்சான் அழைப்பார், எடுக்கவில்லையென்றால் கிளம்பிவிடுவார். திரும்பி வரும் நேரம் எழுதப்பட்டிருந்ததால்தான் இது சாத்தியமானது. பையனுக்கு அவசர மருத்துவ உதவி எண்ணான 995ஐ அழைத்து எந்தப் பூங்கா, எந்தத் தடம், எந்த நுழைவாயில் பக்கம் என்று சொல்லக் கற்றுக்கொடுத்தோம். பூட்டிய செல்போனிலிருந்து அவசர அழைப்பு போடவும் பழக்கினோம்.

ஆண்டு முடிவில்

செப்டம்பர் பரிசோதனையில் எடை 77 கிலோ, வெறும் வயிற்றுச் சர்க்கரை 5.7. டிசம்பரில் எடை 76.4. உடல் எடைக் குறியீடு 26.4, குறைந்த ஆபத்துக்கான எல்லையான 23க்கு இன்னும் வெகு மேலே. இதெல்லாம் சைக்கிளால் மட்டும் வந்தது என்று சொல்ல மாட்டேன். நாளுக்கு மூன்று தே தாரிக் (இனிப்பான பால் தேநீர்) குடித்தவர், பாலும் சர்க்கரையும் இல்லாத தே ஓ கோசோங்குக்கு மாறினார், பாட்டி இரவுச் சோற்றைக் குறைத்தார். மருத்துவரும் இரண்டையும் சேர்த்தே பாராட்டினார்.

தேர்வுக்கு முந்தைய ஆறு வாரம் சைக்கிள் ஏறக்குறைய நின்றேபோனது, நடை மட்டும் தொடர்ந்தது. திட்டம் அப்படித்தான் இருந்தது. மகளுக்குத் தடத்தில் ஆர்வம் வரவில்லை, யாரும் வற்புறுத்தவும் இல்லை. சொன்ன நேரம் சில முறை தவறியது. ஆனால் தவறும் என்று தெரிந்ததும் செய்தி வந்துவிட்டதால் சண்டை வரவில்லை என்கிறார் மனைவி.

மாற்றிச் செய்ய வேண்டியவை

இன்னொரு குடும்பத்துக்கு இதைச் செய்வதாக இருந்தால் மனைவியின் உடற்பயிற்சி நேரத்தை ஏப்ரலிலேயே நாள்காட்டியில் போடச் சொல்வேன். இங்கே அது ஆகஸ்டில்தான் வந்தது. நாளெல்லாம் வார்டில் நிற்கிறாரே, நடக்கிறாரே என்று எல்லாரும் இருந்துவிட்டோம். வேலையில் நடப்பது அவருக்குக் களைப்பைத்தான் தந்தது. இப்போது ஓய்வுநாள் மாலைகளில் அக்காவோடு பூங்கா இணைப்புப் பாதையில் ஒரு மணி நேரம் நடக்கிறார். அந்த நேரத்தில் கணவர் வீட்டில் இருந்தாக வேண்டும், அதற்கும் திரும்பி வரும் நேரம் எழுதப்படுகிறது.

சாதனங்களை வாங்குவதையும் தள்ளிப்போடச் சொல்வேன். ஹெல்மெட், கையுறை, விளக்கு, நல்ல பிரேக்குள்ள ஒரு சைக்கிள். முதல் மூன்று மாதத்துக்கு இவை போதும். அதற்குள் எந்தக் கேள்விக்கு விடை வேண்டும் என்று தெரிந்துவிடும், அதற்கேற்ற சாதனத்தை அப்போது வாங்கலாம். டிரெயினர் வேண்டுமென்றால், வாங்குவதற்கு முன் கீழ்வீட்டில் ஒரு வார்த்தை பேசிவிடுவது நல்லது.

ஜனவரியில் மகள் உயர்நிலை 1க்குப் போகிறாள், பள்ளி தூரம், காலையில் சீக்கிரம் கிளம்ப வேண்டும். வடகிழக்குப் பருவமழையால் தடம் பல வாரம் ஈரமாகவே இருக்கும். மனைவியின் ஜனவரி அட்டவணை இன்னும் வரவில்லை. வந்த பிறகு மறுபடி உட்காரலாம் என்று சொல்லியிருக்கிறார்கள்.